‘எது இல்ல?’ என்று கேட்ட பெருமாள்

செவ்வாய்க்கிழமை மதியம் போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பு, நான் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு முன்னால் நின்றது. ஓட்டுநர் இறங்காமலே சொன்னார்: "அண்ணே, பெருமாள் அண்ணன் போயிட்டாரு. ஸ்டோர்லயே. கரண்டு அடிச்சிருச்சு."

"அடிச்சது கரண்டா, வோல்ட்டா? சரியாச் சொல்லு" என்று பெருமாள் கேட்டிருப்பார். எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

எஸ்டேட்டு எழுதிய அறிக்கையில் "இறந்தவரின் கவனக்குறைவு" என்று இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன். கவனக்குறைவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அது பெருமாளுக்குப் பொருந்தாது. நான் எழுதுவதால் அறிக்கை மாறிவிடப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்போம். அங்கே ஹீட்டர்களைக் கவனிக்கும் வேலை அவருக்கு. நாங்கள் பழகியதே சண்டையில்தான். காய் உலர நெடுநேரம் ஆகிறது என்று முதலாளி என்னை மேலே கூப்பிட்டார். பார்த்ததுமே, "ஹீட்டர் கம்பி செத்துப்போச்சு, மாத்தணும்" என்றேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெருமாள் மீட்டரை வைத்தார். நூற்று அறுபது வோல்ட்டு. ஒன்பது ஆம்பியர். ஸ்டோரின் இரும்புக் கதவில் சாக்பீஸால் எழுதினார்.

"வோல்ட்டை ஆம்பியரால வகுங்கண்ணே. பதினேழே முக்கால் ஓம். ஹீட்டர்ல இருநூத்து முப்பது வோல்ட்டு, மூவாயிரம் வாட்டுன்னு அடிச்சிருக்கு. அதுக்குக் கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய அதேதான் வருது. கம்பி சாகலை."

"பெறகு ஏன்யா சூடு இல்ல?"

"இப்ப ரெண்டையும் பெருக்குங்க. ஆயிரத்து நானூத்து நாப்பது வாட்டு. மூவாயிரத்துல பாதிகூட இல்ல. வோல்ட்டு கொறைஞ்சா ஆம்பியரும் கூடவே கொறையும். ரெண்டும் கொறைஞ்சா சூடு எங்கிட்டு வரும்?"

"ஏலக்காய்க்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமாக்கும்?"

"தெரியும்ணே. வெரசாக் காயலைன்னா பச்சை போயிரும்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் கோபத்தோடு மலை இறங்கினேன். வளைவுக்கு வளைவு மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதை அவரிடம் கடைசிவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் என் கடைக்கு வந்து டீ குடிப்பார்.

அன்றிலிருந்து அந்தக் கதவில் தினமும் மூன்று கட்டங்கள்: வோல்ட்டு, ஆம்பியர், ஓம். ஸ்டோர் பெண்கள் அவருக்கு "ஓம் சாமி" என்று பெயர் வைத்தார்கள். ஒருத்தி கதவுக்குச் செம்பருத்திப் பூவும் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை.

அவருக்குப் பொறுக்காத சொல் ஒன்றுதான், கரண்டு. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். யாராவது "கரண்டு இல்லண்ணே" என்றால் உடனே கேட்பார்: "எது இல்ல? வோல்ட்டா, ஆம்பியரா? ஆம்பியர் ஓடலைன்னா வோல்ட்டும் இல்லைன்னு ஆயிருமா? யானை எறங்குற தேவாரம் ஊர்க்காரனைக் கேளு. தோட்டத்துல யானை நடக்காம நின்னா, யானையே இல்லைன்னு உள்ள போவானா?"

போன மாதம் என் மகளின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்திருந்தார். பந்தியில் ஃபேன் நின்றது. "கரண்டு போயிருச்சு" என்றார் என் சம்பந்தி. பெருமாள் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "எது போச்சு?" என்றார். பந்தியே சிரித்தது. எனக்கு மானம் போனதுபோல் இருந்தது. கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"யோவ், ஊரு பேசுற மாதிரி நீயும் பேசித் தொலையேன். இந்த வயசுல இன்னும் எத்தனை பேரு சிரிக்கணும்?"

துண்டில் கையைத் துடைத்தபடி, "சரிண்ணே. இனிமே கேக்கலை" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தச் செவ்வாய் காலையிலிருந்து மலையில் காற்று. மின்சாரம் வந்து வந்து போயிருக்கிறது. ஒரு ஹீட்டர் சூடாகவில்லை. மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தது. அதனால் ஆம்பியர் ஓடவில்லை. ஆனால் ஹீட்டர் வழியாக வந்த வோல்ட்டு முழுவதும் அறுந்த முனையில் நின்றது. ஸ்டோரில் வேலை செய்யும் செல்வி, கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். "கரண்டு இல்லண்ணே" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. பெருமாள் அதை ஊர் புரிந்துகொள்வதுபோல், மின்சாரமே இல்லை என்று புரிந்துகொண்டு முனையைத் தொட்டார்.

உடலை எடுத்த பிறகு பெருமாள் வீட்டில் செல்வி என்னிடம் வந்து சொன்னாள்: "எது இல்லன்னு கேப்பாருன்னுதான் பாத்துக்கிட்டே நின்னேன் அய்யா. கேட்டா வோல்ட்டு மீட்டரை வைக்கலாம்னு கையில எடுத்துட்டேன். ஒரு மாசமாவே அவரு கேக்குறதில்ல. ஏன்னு தெரியல."

எனக்குத் தெரியும். அவளிடமும் சொன்னேன். எஸ்டேட்டு ஆபீசுக்குப் போய், கவனக்குறைவு என்று எழுதுவதானால் என் பெயரைப் போட்டு எழுதுங்கள் என்றேன். "பெரியவரே, வீட்டுக்குப் போங்க" என்றார்கள்.

போவதற்கு முன் ஸ்டோர் கதவைப் பார்த்தேன். கடைசி வரிசையில் வோல்ட்டுக் கட்டம் காலி. ஆம்பியர் கட்டத்தில் செல்வியின் கையெழுத்தில் ஒரு பூஜ்யம். ஓம் கட்டமும் காலி. பூஜ்யத்தால் எதையும் வகுக்க முடியாது. முதல் கட்டத்தில் எழுதலாம் என்று சாக்பீஸை எடுத்தேன். அன்றைக்கு எத்தனை வோல்ட்டு நின்றது என்று யாரும் பார்க்கவில்லை. வைத்துவிட்டேன்.

பெருமாளு, அன்று கதவில் நீங்கள் போட்ட கணக்கு சரிதான். போய்ச் சேருங்கள்.