அம்மன் என் மிஷ்ரியை விடவைத்தாள்

போன வருஷம் ஆடியில் என் கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. காரம் பட்டால் தீயாய் எரியும். நான் தாராவியில் இட்லி அவித்து விற்கிறவள். சட்னிக்கு உப்புப் பார்க்கக்கூட மகள் கவிதாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வெற்றிலைகூடப் போடாத எனக்கு ஏன் இந்தச் சோதனை என்று அம்மனிடம் சண்டை போட்டேன்.

மிஷ்ரி என் நினைவுக்கே வரவில்லை. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் பல்வலிக்காகப் பக்கத்து வீட்டு மராட்டிக்காரி சொல்லிக்கொடுத்தது அது. புகையிலையைக் கல்லில் கருக வறுத்து, பொடித்து, ஈறில் தேய்க்க வேண்டும். வலி போய்விட்டது, பொடி என்னைவிட்டுப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷம்! என் கையாலேயே வறுத்தும் அதைப் பல்பொடி என்றுதான் நினைத்தேன். வாய் சுத்தமாக இருக்கட்டும் என்று அதைத் தேய்த்துவிட்டுத்தான் கோவிலுக்கே போவேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் சந்தில் ஒருநாள் மேஜை போட்டு வாய்ப் பரிசோதனை நடந்தது. கவிதா இழுத்துக்கொண்டு போனாள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா சயானில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே பல்லுக்கு என்ன தேய்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, சோதனைக்குத் துளி சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் மிஷ்ரியை இன்றே நிறுத்துங்கள் என்றார்கள்.

நிறுத்தினேன். மறுநாளே தலை பிளந்தது. ஒன்றுமில்லாததற்குக் கவிதாவிடம் எரிந்து விழுந்து அவளை அழவைத்தேன். சாயங்காலம் மிஷ்ரி டப்பாவைத் திறந்து மறுபடி தேய்த்துவிட்டேன். இனி நான் பிழைக்கமாட்டேன் என்றே நினைத்தேன்.

அந்த வாரம் எங்கள் மாரியம்மன் கோவிலில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. ரிப்போர்ட் நல்லபடியாக வர வேண்டும் என்று பத்து நாள் விரதம் நேர்ந்துகொண்டேன். வெளிச் சாப்பாடு கிடையாது, கடை டீ கிடையாது. பல்பொடிக்கும் விரதம் உண்டா என்று பூசாரி அண்ணனிடம் கேட்டுவைத்தேன். அவர் காப்புக் கயிற்றைப் பிரித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நாளுக்கு எத்தன தரம் போடுதம்மா?"

"நாலஞ்சு தரம்ண்ணே."

"நாலஞ்சு தரமா பல்லு வெளக்குவாவ?"

அம்மனே நேரில் கேட்டது போல உடம்பு சிலிர்த்தது. அங்கேயே வேண்டுதலை மாற்றினேன். "தாயே, ரிப்போர்ட்டை நீ பார்த்துக்கொள். இந்தப் பத்து நாள் டப்பாவைத் தொடாமல் இருக்கும் பலத்தை மட்டும் எனக்குக் கொடு" என்று கையை நீட்டினேன்.

முதல் மூன்று நாள் நரகம். நமைச்சல் எடுக்கும்போதெல்லாம் வாய் கொப்பளித்துவிட்டுக் கோவிலுக்கு நடந்தேன். ஒரே நாளில் ஏழு தடவை போனேன், அம்மனுக்கே அலுத்திருக்கும். ஐந்தாம் நாள் தலைவலி விட்டது. ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே கவிதா சொன்னாள்: "கேன்சர் இல்லம்மா. ஆனா மறுபடி போட்டா வந்தாலும் வருமாம்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பத்தாம் நாள் காப்பை அவிழ்த்தபோது ரொம்பப் பயந்தேன். இனி என்னை எது தடுக்கும்? மறுநாள் காலை எழுந்தேன், பேஸ்ட் எடுத்து ஒரே தடவை பல் தேய்த்தேன், இட்லிக்கு அடுப்பு மூட்டினேன். வருஷம் ஒன்று ஆகிறது. திட்டு மங்கிவிட்டது. டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் போய்க் காட்டுகிறேன்.

அக்கா தங்கைகளே, அம்மனை நம்புங்கள், வாயையும் டாக்டரிடம் காட்டுங்கள். நாளைக்கே விட்டுவிட முடியாதே என்று தயங்க வேண்டாம். டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டே வாருங்கள், நான் கூட வருகிறேன். நானும் அன்றைக்கு டாக்டரிடம் அப்படித்தான் போனேன்.