மருமகன் சேர்

எங்கள் ஊரில் போடியார் என்று அழைக்கப்பட வயல் வேண்டும். ஹாஜியார் ஆக மக்காவுக்குப் போய்வர வேண்டும். மாஸ்டர் ஆகவும் ஒரு சோதனை பாஸாக வேண்டும். இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்கிற சேர் ஆவதுதான் சுலபம். சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டால் போதும். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சட்டை உள்ளே போன எவரைக் கண்டாலும் அந்தச் சொல் தானாக வந்துவிடும்.

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் எனக்குத் தோட்ட வேலை. அங்கே உதவி மனேஜராக இருக்கிறவர்தான் என் மகளைக் கட்டிக்கொண்டு, எங்கள் பக்கத்து வழக்கப்படி எங்கள் வீட்டோடு வந்தார். வீட்டில் அவர் என்னை மாமா என்பார். வேலையிடத்தில் ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டார். எனக்குத்தான் பயம். வீட்டில் சேர் என்றால் மகளுக்கு மானக்கேடு. ஹோட்டலில் மருமகன் என்றால், உறவைக் காட்டிச் சும்மா திரிகிறேன் என்று அவருக்குக் கெட்ட பெயர் வரும்.

கலியாணம் முடிந்த கிழமையே சாப்பிடும்போது வாய் தவறி, "சேர், இன்னும் கொஞ்சம் சோறு?" என்றுவிட்டேன். மகள் தலை குனிந்தாள்.

"இனி நான் மெனு கார்ட் நீட்டோணுமோ?" என்றாள் மனைவி.

அதன் பிறகு ஏன் வம்பு என்று இருமத் தொடங்கினேன். இருமினால் அவர் திரும்புவார், விஷயத்தைச் சொல்லிவிடுவேன். மகள் கவலைப்பட்டுக் கொத்தமல்லி அவித்துத் தந்தாள்.

போன மாதம் ஒருநாள் நல்ல காற்று. மருமகன் ஃபோனில் பேசிக்கொண்டே தென்னைகளுக்குக் கீழே நடந்தார். அவர் போகிற வழிக்கு மேலே காய்ந்த மட்டையொன்று கழன்று தொங்கியது. கத்த வாயைத் திறந்தேன். சேரும் மருமகனும் ஒன்றாக ஓடிவந்து தொண்டையில் நெருக்கியடித்தார்கள். வந்தது இருமல்தான். அவர் வழமைபோல் நின்று திரும்பினார். மட்டை அவருக்கு ஒரு முழம் தள்ளித் தொப்பென்று விழுந்தது.

வேலையாட்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"மாமா, கத்தியிருக்கலாமே?" என்றார், அத்தனை பேருக்கும் முன்னால்.

"என்னெண்டு கத்துறது, சேர்?"

சமையலை விட்டு வந்த குசினிப் பெடியன்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய் எண்டு கத்துங்க மாமா. மட்டைக்கு மரியாதை தெரியாது."

டேய் என் வாயில் வராது. ஆனால் அடுத்த நாள் காலை, வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்க மருமகன் என்று கூப்பிட்டேன். "ஓம் மாமா" என்று வேலையை விட்டு எழும்பி வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.