வராத வெயில்

அவளுக்குக் கலர் அக்கா என்று பெயர். உடுப்பெல்லாம் சாம்பல் நிறம்தான். பெயர் வேலையால் வந்தது. தம்பியின் ஸ்டுடியோவில், முதலில் இருட்டறை, பிறகு கம்ப்யூட்டர் என்று முப்பது வருஷமாக, அச்சுக்குப் போகிற ஒவ்வொரு படத்துக்கும் நிறம் பார்ப்பவள் அவள்தான். முகத்தில் சிவப்பு ஒரு துளி ஏறியிருந்தாலும் அவளிடம் தப்பாது. அந்த வேலையில் அவள் யாருக்கும் பயந்ததும் கிடையாது.

இலையுதிர் காலத்தில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடி ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தாள். வலது கண்ணுக்கு வெள்ளை, இடது கண்ணுக்குப் பழுப்பு. இத்தனை நாளாக இந்தப் பழுப்பையா வெள்ளை என்று நம்பினேன் என்று தம்பியிடம் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். தம்பி அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டான்.

குளிர்காலம் வந்தது. ரயில்வே ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் மாட்ட, ஊர் ஏரியையும் மலையையும் பெரிய படமாகக் கேட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். குளிரில் கேமரா பேட்டரி செத்துவிடும் என்று அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விரல்நுனி வெட்டிய கையுறையோடு கரையில் இரண்டு மணி நேரம் நின்று எடுத்தாள் அக்கா. சூரியன் இன்னும் மலையைத் தாண்டவில்லை. பனிச்சரிவு முழுக்க நீல நிழல். ஓரம் உறைந்த ஏரி ஈயத்தகடு போலக் கிடந்தது.

தம்பிக்குப் பிடிக்கவில்லை. பார்க்கவே நடுங்குகிறது, கொஞ்சம் வெயில் ஏற்று என்றான். மாட்டேன் என்றாள். பனியின் நிழல் நீலம்தான், வேண்டுமானால் போய்ப் பார் என்றாள்.

"நீலம் படத்துல இல்லக்கா. உன் புதுக் கண்ணுல இருக்கு."

"காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம். உனக்கு அதுதான்டா."

அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவளோடு தொழில் பண்ண முடியாது, இனிமேல் அவள் நாற்காலியில் மச்சினன் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டான். மச்சினன் என்றால் அவன் பெண்டாட்டியின் தம்பி. பச்சைச் சட்டைக்கு ஊதாக் கால்சட்டை போடுகிற மகானுபாவன்!

அக்கா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தாள். நாற்காலி போனால் போகட்டும். கண் கெட்டவள் என்று பெயர் வாங்கிக்கொண்டா போவது?

படம் மாட்டுகிற அன்று காலை, தன் கையால் அச்சிட்ட பிரதி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ஏணியில் தம்பி. சுவரில் அவள் எடுத்த படம். அதே மலை, அதே ஏரி, மேலே மட்டும் தேன் ஊற்றினாற்போல் பொன் வெயில். அவளுக்குத் தெரியாமல் நிறத்தை மாற்றி அச்சிட்டிருக்கிறான்.

அக்கா நேரே சுவரருகே போனாள். படத்துக்குப் பக்கத்திலேயே ஏரியைப் பார்த்த பெரிய ஜன்னல். அதன் கண்ணாடியில் படிந்திருந்த நீராவியை முழங்கையால் துடைத்தாள். கையிலிருந்த பிரதியை விரித்து ஜன்னலோரம் பிடித்தாள். வெளியே, மலைக்குப் பின்னால் இன்னும் சூரியன் வரவில்லை. பனி நீலமாக இருந்தது. கையிலிருந்த படத்திலும் அதே நீலம். சுவரில் இருந்ததுதான் வேறு ஏதோ ஊர்.

டிக்கெட் கொடுப்பவள் கவுன்ட்டரை விட்டு எழுந்து வந்து, ஜன்னலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். ஒரு மணி நேரத்தில் வெயில் வந்துவிடும், அப்போது சுவரில் இருப்பதும் பொருந்தும்தானே என்றார். தம்பிக்கு உயிர் வந்தது.

"வரட்டும் சார்," என்றாள் அக்கா. "வந்தா அதையும் நானே எடுத்துத் தர்றேன்." பிறகு ஏணியைப் பார்த்தாள். "வராத வெயிலை என் படத்துல ஊத்தாதடா. ஊத்தணும்னா கீழ உன் பேரைப் போட்டுக்கோ."

தம்பி ஜன்னலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், காலை ஏழரை மணிப் பனியை அன்றுதான் நின்று பார்த்தான். சட்டத்தைத் திறந்து உள்ளே இருந்த படத்தை உருவிக் கீழே கொடுத்தான். அவளிடமிருந்ததை வாங்கக் கை நீட்டினான்.

மாட்டி முடித்து இறங்கியதும், குனிந்தபடியே, "நாளைக்கு வேலைக்கு வந்துடுக்கா" என்றான்.

"நாளைக்கு என்ன நாளைக்கு? ஏணியை எடு. கடை திறக்க நேரமாச்சு."