மரத்துப்போன கால்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். அடிவயிற்றோரம் ஒரு புடைப்பு. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம், ஆபரேஷன் செய்யணும் என்றார் டாக்டர். எனக்குக் கத்தியைவிட மயக்கமருந்துதான் பயம். என் பெரியப்பா அதை மோந்துவிட்டு இரண்டு நாள் வாந்தியெடுத்துக் கிடந்தார். அதை டாக்டரிடம் சொன்னேன்.

"உமக்கு மயக்கமே கிடையாது வே. முதுகுல ஒரு ஊசி, அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழ மரத்துப்போகும். நீரு முழிச்சிக்கிட்டே கெடக்கலாம்."

"அறுக்கது தெரியாதா டாக்டர்?"

"தொடுதது தெரியும். வலி தெரியாது."

தொடுவது தெரிந்து வலி மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? அதற்குப் பிறகு பயத்தைவிட இந்த யோசனைதான் பெரிதாக இருந்தது.

ஆபரேஷன் மேசையில் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். முதுகில் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் பாதத்தில் ஒரு கதகதப்பு, பிறகு எறும்பு ஊர்கிற மாதிரி, அப்புறம் பாரம். மல்லாத்திப் படுக்கவைத்த பிறகும் என் கால்கள் மடங்கியே இருந்தன. நர்ஸிடம் நீட்டிவிடச் சொன்னேன். "நீட்டித்தானே கெடக்கு," என்றாள். தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேசையின் அந்தக் கோடியில் நேராக நீட்டி இரண்டு பாதங்கள். என்னுடையவைதான் என்று புரியச் சற்று நேரமாயிற்று.

நெஞ்சுக்கு முன்னால் துணி கட்டி மறைத்துவிட்டார்கள். அதற்கு அப்பால் இருந்து டாக்டரின் குரல் வந்தது. "இப்ப என்ன தெரியுது?"

"யாரோ என் சட்டைப் பையில சாவி தேடுத மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். "நல்லாச் சொல்லுதீரு. பேசிக்கிட்டே இரும்."

வார்டுக்கு வந்ததும் மனைவி என் தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். முதலில் பெருவிரல்தான் அசைந்தது. அவளுக்கு நிம்மதி. கால் திரும்பிவரவர, தையல் போட்ட இடத்தில் வலியும் வந்து சேர்ந்தது. ஒரு ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள்.

மறுநாள் எழுந்து உட்கார்ந்தேன். பிடரியிலிருந்து நெற்றிவரை தலை பிளந்தது. படுத்தேன், வலி போன இடம் தெரியவில்லை. நம்பாமல் மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி வந்தது.

"எந்திரிச்சா வலிக்கு, படுத்தா வலிக்கலையா?" என்றாள் மனைவி. "கடைக்குப் போகாம இருக்கதுக்கு நல்ல வியாதிதான்."

ஊசி குத்திய ஓட்டை வழியாக முதுகுத்தண்டு நீர் கசிவதால் சிலருக்கு இப்படி வரும் என்றார் டாக்டர். தலையணை இல்லாமல் படுத்து நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். முதுகில் ஓட்டை, தலையில் வலி. நாளெல்லாம் கூரையைப் பார்த்து அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அந்த வாரத்துக்குள் வலி தானாகவே விட்டுவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது, பாரம் தூக்கக் கூடாது, இந்த வருஷம் அருவிக்கடியில் நிற்கக் கூடாது என்றார்கள். சாரல் தொடங்கியிருந்தது. குற்றாலத்தில் மனைவி போய்க் குளித்தாள். அவள் ஈரத்தலையோடு வரும்வரை நான் தள்ளி நின்று வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தேன்.