வலது இறக்கை தேடிய டேவிட் சார்

டேவிட் சார் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் பண்ணினாள். "ஆன்ட்டி... டாடி நோ மோர்."

எங்கள் பழைய ஃபேக்டரி ஆட்களுக்கு அவரைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக... ஹைதராபாத்தில் ஒரு பப்ளிக் செக்டர் கம்பெனியில் நாங்கள் ரேடியோ செட் தயாரித்தோம். அவர் ஸ்டோர்ஸ், நான் பிளானிங்.

செகந்திராபாத்தை ஒட்டிய போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுத் திருநெல்வேலித் தமிழை விடாத மனிதர். அவசரம் வந்தால் மட்டும் தக்னிக்கு, அதாவது ஹைதராபாத் உருதுவுக்கு, தாவிவிடுவார்.

எண்பதுகளின் தொடக்கம். பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்ந்த ஒரு பழைய புரொப்பல்லர் விமானத்தை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்தார்கள், வாசலில் தூண்மேல் ஏற்றி வைப்பதற்கு.

வந்ததைப் பார்த்தால் வலது இறக்கை இல்லை! ஆண்டு விழாவுக்குள் முழு விமானமாக நிற்காவிட்டால் ஸ்கிராப்போடு ஏலத்துக்குப் போகும் என்று ஜி.எம். சொல்லிவிட்டார்.

டேவிட் சாருக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் அவர் வீட்டு ஓடு அதிரப் பறந்த ரகம் அது. "அந்தச் சத்தத்துலதான் நான் கணக்குல ஃபெயிலானேன். அதைப் போய் வெட்டவா விடுவேன்?" என்பார்.

போலாரம் தாண்டி ஒரு எருமைக் கொட்டகைக்கு விமான இறக்கைதான் கூரை என்று யாரோ சொன்னார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, கோட்டு டையோடு ஸ்கூட்டரில் போய் இறங்கினார். பின்னாலேயே நாங்கள் நாலைந்து பேர்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "வலதுதான். இதேதான்!"

கொட்டகைக்காரி யாதம்மா அசையவில்லை. "நா பர்ரெலு தடுஸ்தய் சாரூ" என்றாள். என் எருமைகள் நனையுமே என்கிறவளிடம் என்ன பேசுவது?

அடுத்த ஞாயிறு தன் வீட்டு ஸ்கூட்டர் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளைக் கழற்றிக் கொண்டுபோய், அந்தக் கொட்டகைக்கு அவரே கூரை போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி மெர்சி அக்கா என்னிடம், "விமானத்துக்கு இறக்கை வந்துட்டு, என் வீட்டு வண்டிதான் மழையில நிக்கி" என்றார். சிரிப்பும் கோபமும் பாதிப் பாதி.

இறக்கை லாரியில் வந்தது. ஃபேக்டரியில் இறக்கி, சுத்தம் செய்வதற்காகப் புரட்டிப் போட்டோம்...

அது இடது இறக்கை.

கொட்டகையில் அதைக் கவிழ்த்துப் போட்டிருந்திருக்கிறார்கள். இடது கால் செருப்பைக் கவிழ்த்தால் வலது கால் செருப்பு மாதிரித் தெரியுமே, அதே கதை. ரேடியோக்காரர்கள் நாங்கள்... எங்களுக்கு எங்கே புரிந்தது?

விழாவுக்கு நாளே இல்லை. "அப்போ கவுத்தே மாட்டுவோம். மேல ஏத்திட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் டேவிட் சார். வெல்டிங், பெயின்ட், கிரேன்... எப்படியோ ஏற்றிவிட்டார்கள்.

விழாவன்று ஒரே கைதட்டல். விமானம் பிழைத்தது.

ராணுவக்காரர்கள் குடியிருக்கும் சைனிக்புரியிலிருந்து வந்திருந்த ஒரு ரிட்டயர்டு விமானப்படை அதிகாரி மட்டும் கைதட்டவில்லை. ஹைதராபாத்காரர், இதே ரகத்தை ஓட்டியவர். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

பிறகு டேவிட் சாரை ஓரமாகக் கூப்பிட்டு, மெதுவாக, "மியான், சீதா பாஸூ உல்டா ஹை" என்றார். வலது பக்கம் தலைகீழ். வேறு யாரிடமும் அவர் வாயே திறக்கவில்லை. பெரிய மனசு.

ஆனால் டேவிட் சார் அதற்கப்புறம் வாசலில் நுழையும்போது நிமிர்ந்து பார்த்ததே இல்லை. லீவு போட்டுவிட்டு ஊர் ஊராக ஸ்கிராப் கிடங்குகளில் அலைந்தார்.

"விடுங்க சார், அதான் யாருக்கும் தெரியலையே" என்றேன் ஒருநாள், கேன்டீனில்.

"எனக்குத் தெரியும்லா, வசந்தாம்மா?" என்றார். எப்போதும் கலகலவென்று பேசுகிறவர், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

சில வருஷம் கழித்து நிஜ வலது இறக்கை கிடைத்தது, நாக்பூர்ப் பக்கம் ஒரு கிடங்கில். இந்த முறை அட்டையில் வெட்டிய குட்டி விமானம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், திருப்பித் திருப்பி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஜி.எம்முக்கு டிரங்கால் போட்டாராம்!

மாட்டுகிற அன்று கிரேன் ரெடி, ஆட்கள் ரெடி. "நக்கோ, நக்கோ... ருக்கோ!" என்று கத்தி நிறுத்திவிட்டு, சைனிக்புரிக்குக் கார் அனுப்பினார்.

அந்த அதிகாரிக்கு அதற்குள் பார்வை போய்விட்டிருந்தது. மேலே ஏற்றிவிட்டால் அவரால் தொட்டுப் பார்க்க முடியாதே... அதற்காகத்தான்.

பெரியவர் வந்தார். டேவிட் சார் அவர் கையைப் பிடித்து இறக்கையின்மேல் வைத்தார். பெரியவர் தடவிக்கொண்டே நுனிவரை நடந்தார், திரும்ப வந்தார். கிரேன்காரர்கூட இன்ஜினை அணைத்துவிட்டார்.

"ஹவ் மியான்... அப் சஹீ ஹை."

ஆமாம், இப்போது சரி. அவ்வளவுதான் சொன்னார். டேவிட் சார் அத்தனை பேர் நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். யார்தான் அழவில்லை...

நாளை காலை செகந்திராபாத்தில் சர்ச் ஆராதனை, பிறகு போலாரம் கல்லறைத் தோட்டம். கச்சிபௌலியிலிருந்து என்னைக் கூட்டிப்போக மகனிடம் சொல்லியிருக்கிறேன். முடிந்தவர்கள் வாருங்கள்.

போகிற வழியில் நம் ஃபேக்டரி வாசலில் அவரை ஏற்றிய வண்டி ஒரு நிமிடம் நிற்குமாம். அவர் மகள்தான் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

ரெண்டு இறக்கையும் சரியா இருக்கு சார். பார்த்துட்டுப் போங்க.