சாதுவான குட்டி

பிறந்து இரண்டு மாதமேயான நாய்க்குட்டியின் வயிற்றில் மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? புளித்த பாலும் வெயிலில் காய்ந்த கோணிப்பையும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும். எனக்கு மட்டும் அதோடு இரும்புத் துருவின் வாசனையும் சேர்ந்து வரும். ஏனென்றால் நான் முதன்முதலாகக் கையில் ஏந்திய குட்டி, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றின் பின்புறம், உருக்குவதற்காகக் கொண்டுவந்து கொட்டியிருந்த பழைய இரும்புக் குவியலுக்கு அடியில் பிறந்தது. இத்தனை வருஷம் கழித்தும் வீட்டு கிரில் கேட்டில் துருவைச் சுரண்டும்போது அந்தக் குட்டியின் ஞாபகம் வந்துவிடுகிறது. குட்டியோடு நிற்பதில்லை, என் தம்பியும் வந்துவிடுகிறான்.

அந்தக் கம்பெனியில் உலை வேலை பார்த்தவர் என் அப்பா. ஆந்திரா எட்டிப்பிடிக்கும் தூரம் என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். நைனா, அம்மா, நான், தம்பி எபி என்று நான்கு பேர். இரண்டு அறை வாடகை வீடு. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் கம்பெனித் தூசியில் சாம்பல் நிறமாகிவிடும், அம்மா முதலாளியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே மறுபடி அலசுவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது, எபிக்கு நான்கு.

அம்மாவுக்குத் தெருவில் பெருமையடித்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது, எபியின் குணம். "எம் புள்ள சாது. வெச்ச எடத்துல குந்திக்கினு இருப்பான்," என்பாள். உண்மைதான். மற்ற பிள்ளைகள் தெருவை ரெண்டாக்கிக்கொண்டிருக்கும்போது அவன் பத்தடி நடப்பான், குத்துக்காலிட்டுக் குந்திவிடுவான், தலையைக் குனிந்து தரையைப் பார்ப்பான். எறும்பு எண்ணுகிறான் என்று நாங்கள் சிரிப்போம். அவன் உதடு எப்போதும் கொஞ்சம் நீலம் பாய்ந்து இருக்கும், "இன்னாடா, யாருக்கும் குடுக்காம நாவப்பழம் துன்னியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தைக் கிள்ளுவாள். "நாவப்பழ வாயன்" என்பது தெருவே அவனுக்கு வைத்த செல்லப்பெயர். நானோ சரியான வாலு. நான் ஓடும்போதெல்லாம், "ஓடாதடி, தம்பியப் பாத்துக் கத்துக்க," என்பது அம்மாவின் அன்றாட மந்திரமாக இருந்தது.

இரும்புக் குவியலுக்குள் நாய் ஐந்து குட்டி போட்டு ஒரு மாதமாகிறது என்று நைனா சாப்பாட்டு நேரத்தில் சொல்லப்போக, நான் பிடித்துக்கொண்டேன். மூன்று வாரம் அழுதேன், சோறு வேண்டாம் என்றேன், ஜெபத்தில்கூட நாய்க்குட்டியைச் சேர்த்துக்கொண்டேன். கடைசியில் அம்மா இறங்கி வந்தாள், ஆனால் ஒரு கட்டளையோடு. "சின்னப் புள்ள இருக்கிற ஊடு இது. கடிக்கிற குட்டி, குதிக்கிற குட்டி எதுவும் வேணாம். சாதுவான குட்டியா இருந்தா தூக்கிக்கினு வா. இல்லன்னா வெறுங்கையோட வா."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நைனா எங்கள் இருவரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். செக்யூரிட்டி அண்ணன் குட்டிகளை ஒரு தகர டப்பாவில் எடுத்துவந்து தரையில் விட்டார். அப்பப்பா, என்ன ஆட்டம்! நாலு குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டன. அதில் ஒரு செம்பட்டைக் குட்டி நேராக என்னிடம் ஓடிவந்து பாவாடை ஓரத்தைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. இழுத்தால் உறுமியது, உறுமிவிட்டுத் தானே பயந்து பின்னால் உருண்டது. என் உயிர் அங்கேயே அதன் மேல் போய்விட்டது. ஆனால் இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதும் தெரிந்தது.

ஐந்தாவது குட்டி கருப்பு. விட்ட இடத்திலேயே படுத்திருந்தது.

"காதைப் புடிச்சித் தூக்கிப் பாருண்ணே, கத்தாத குட்டிதான் நல்ல குட்டி," என்றார் செக்யூரிட்டி அண்ணன். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பரீட்சை அது. நைனா ஒவ்வொன்றாகத் தூக்கினார். நாலும் ஊரைக் கூட்டின, செம்பட்டைக் குட்டி நைனாவின் கட்டைவிரலைக் கடித்தே விட்டது. கருப்புக் குட்டி மட்டும் தொங்கிய இடத்தில் தொங்கியது, ஒரு முனகல் கூட இல்லை. "அட, இன்னா ரோஷம் பாத்தியா! சாதுவும் சாது, தைரியமும் தைரியம்," என்றார் நைனா. அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நைனா சொல்லியிருந்ததால் நான்தான் கருப்புக் குட்டியைக் காட்டினேன். மடியில் வாங்கிக்கொண்டபோது அதன் கண்ணோரம் மஞ்சளாகப் பீளை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அம்மா பார்த்தால் வேண்டாம் என்பாளே என்று, வழியெல்லாம் எச்சில் தொட்டுப் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டே வந்தேன். இதை நைனாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

எபிக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அவனுக்குக் கீழே யாரும் இல்லாத குறை அன்றோடு தீர்ந்துவிட்டது. "இது எனுக்குத் தம்பி," என்றான். "நாய்க்குப் போயி தம்பின்னு பேரா, நல்லாத்தான் கீது," என்று அம்மா அதட்டினாள். அவன் கேட்கவில்லை, குட்டியின் பெயர் தம்பி என்றே நிலைத்தது. இருவரும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பார்கள், இவன் குந்தியிருப்பான், அது படுத்திருக்கும். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "ஊட்ல ரெண்டு சாது," என்று தெருவுக்கெல்லாம் காட்டினாள்.

மூன்றாம் நாள் குட்டி பாலைக் கக்கியது. நாலாம் நாள் இரத்தமாகப் பேதி போயிற்று. நைனா பகல் ஷிப்டில் இருந்தார். அம்மா குட்டியைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து, எபியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு "மாட்டு ஆஸ்பத்திரி"க்கு நடந்தாள். கால்நடை மருத்துவமனையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அங்கே கண்ணாடி போட்ட டாக்டரம்மா ஒருவர் இருந்தார். குட்டியை மேசையில் கிடத்தி, கட்டைவிரலால் அதன் கீழுதட்டை இறக்கி ஈறைப் பார்த்தார். வெள்ளைத்தாள் நிறம். "எத்தனை நாளா இப்படி சோர்ந்து கிடக்கு?" என்று கேட்டார்.

"சோர்வுலாம் இல்லீங்க டாக்டரம்மா. எடுத்தாந்ததுலேர்ந்தே சாதுங்க," என்றாள் அம்மா.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாதுவா? என்னம்மா பேசறீங்க? ரெண்டு மாசக் குட்டி ஓடணும், கடிக்கணும், கை தட்டினா திரும்பிப் பாக்கணும். கண்ணு சுத்தமா இருக்கணும், ஈறு சிவப்பா இருக்கணும். இங்க எல்லாரும் காதைப் பிடிச்சித் தூக்கிப் பாக்கறீங்களே, அப்பவும் கத்தலைன்னா அது தைரியம் இல்லம்மா, கத்தறதுக்குத் தெம்பு இல்ல. விளையாட வேண்டிய வயசுல ஒரு உயிர் சும்மா உக்காந்திருந்தா, அது சாது இல்ல, சீக்கு."

அம்மா கீழே பார்த்தாள். கூடைக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், எபி வழக்கம்போலக் குந்தியிருந்தான், தலையைக் குனிந்து. அங்கே எறும்பு ஒன்றுகூட இல்லை. அம்மா மெதுவாக மண்டியிட்டு, டாக்டரம்மா குட்டிக்குச் செய்தது போலவே கட்டைவிரலால் அவன் கீழுதட்டை இறக்கிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, "இதுக்கு இன்னாங்க அர்த்தம்?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா மேசையைச் சுற்றி வந்தார். அவன் உதட்டைப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், மார்பில் காதை வைத்தார். அவர் குரல் சுத்தமாக இறங்கிப் போயிருந்தது. "நான் மாட்டு டாக்டர்மா, நான் சொல்லக் கூடாது. இன்னிக்கே, இப்பவே, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். டாக்டரம்மா ஊசி போட்டுக் கொடுத்த குட்டியைக் கூடையில் வைத்து நான் தனியாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர்கள் ரயிலில் போய்க்கொண்டிருந்த நேரத்தில், என் மடியில், சத்தமே இல்லாமல் குட்டி செத்துப்போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்காத்தான் புதர் ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்தாள். மறுநாள் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த எபி, "தம்பி எங்க?" என்று கேட்டான். "அவங்கம்மா வந்து தூக்கிக்கினு போய்ட்ச்சி," என்றேன். அவன் நம்பிவிட்டான்.

எபிக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை இருந்திருக்கிறது. பத்தடி நடந்தாலே மூச்சு முட்டும். முட்டியை மடித்துக் குந்தினால் கொஞ்சம் ஆறும். யாரும் சொல்லித்தராமல் அந்தப் பச்சைப்பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அது. எங்கள் ஊர்ப் பேச்சில் உட்கார்ந்தாலும் "குந்து"தான், குத்துக்காலிட்டாலும் "குந்து"தான். அந்த ஒரு சொல்லுக்குள் அவன் நோய் நாலு வருஷம் எங்கள் கண் முன்னாலேயே ஒளிந்திருந்தது. நாங்கள் அதற்குக் கைதட்டிப் பெருமை வேறு பட்டோம். ஐயோ, எப்பேர்ப்பட்ட முட்டாள்கள் நாங்கள்!

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாள் வருவதற்குள், ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வாசலில் குந்தினான். எழுந்திருக்கவில்லை.

அந்தச் செம்பட்டைக் குட்டி நெடுநாள் உயிரோடு இருந்தது. கம்பெனி கேட்டில் காவல் நாயாகக் கொழுத்துத் திரிந்தது. நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும், எனக்கு அதைத் தொடக் கை வராது. அதன் மேல் எனக்கு என்ன கோபம் என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா அதன்பிறகு யாரையும் "தம்பி" என்று கூப்பிட்டதில்லை. பஸ் கண்டக்டராக இருந்தாலும் காய்கறிக்காரராக இருந்தாலும் "இந்தாப்பா"தான். "சாது" என்ற சொல்லும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

இப்போது நான் திருநின்றவூரில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். நைனா போன பிறகு அம்மாவும் எங்களோடுதான். பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்டு ஒரு வருஷமாக நச்சரித்தார்கள், நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன். போன மாதம் திருப்பாச்சூரில் தெரிந்தவர் வீட்டில் குட்டி இருக்கிறது என்றார்கள். அம்மா தானாகவே புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள், அதனால் போனோம்.

அட்டைப்பெட்டியில் ஆறு குட்டிகள். நான் ஒவ்வொன்றின் உதட்டையும் இறக்கிப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், கை தட்டினேன். ஒன்று மட்டும் மூலையில் கிடந்தது. நாலு வயதாகும் என் மகள் அதைக் காட்டி, "அம்மா, இது பாவம்மா, சமத்தா இருக்கு, இத எடுத்துக்கலாம்," என்றாள். நான் வீட்டுக்காரரிடம், "அண்ணே, அத நாளைக்குன்னு தள்ளாதீங்க, இப்பவே டாக்டர் கிட்ட காட்டுங்க," என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். பிறகு அதை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனார் என்றுதான் கேள்விப்பட்டேன்.

அதற்குள் அம்மா பெட்டிக்குள் கையை விட்டிருந்தாள். ஒரு தவிட்டு நிறக் குட்டி அவள் விரலைக் கவ்விக்கொண்டு, உறுமி, இழுத்து, அமர்க்களம் செய்துகொண்டிருந்தது. அம்மா கையை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. "இதான் வேணும்," என்றாள்.

பழைய இரும்புக் குவியல் இருந்த இடத்தில் இப்போது உயரமான மதில் எழும்பி, வேறு கம்பெனியின் பெயர்ப்பலகை நிற்கிறது. எங்கள் வாடகை வீட்டை இடித்து லாரி நிறுத்துகிறார்கள். வேலிக்காத்தான் புதர் இருந்த சுவடே இல்லை. எபியை எடுத்த போட்டோ எங்களிடம் ஒன்றுதான், அதிலும் அவன் குந்தித்தான் இருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் குட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். ஆளுக்கொரு இங்கிலீஷ் பெயர். அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். அத்தனை வருஷமாக அவள் வாயில் வராத சொல் வந்தது. "தம்பின்னு கூப்பிடுங்க," என்றாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அது கூடத்துக்கும் வாசலுக்கும் பறந்துகொண்டிருக்கிறது, என் செருப்பில் ஒன்றைக் காணோம், பிள்ளைகள் இரண்டும் பின்னாலேயே. கீழ்வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே இரண்டு முறை வந்து முறையிட்டுவிட்டார்கள். பழக்கதோஷத்தில் நானும், "தம்பி, ஓடாத! ஓடாதடா!" என்று கத்திவிட்டேன்.

"ஓடட்டும், உடு," என்றாள் அம்மா.