பதின்மூன்றாவது முள்

மெலக்கி டிக்னன் தன் வீட்டுப் படியேறி வருவான் என்று அட்ராக்டா மகிர் ஏழு வருஷம் காத்திருந்தாள். வந்தால் என்ன செய்வது என்று மட்டும் முடிவு செய்து வைக்கவில்லை.

அந்த ஏரிக்கரையில் அவளைப்போல் பொய்ப்பூச்சி கட்டும் கை வேறு இல்லை. மே மாதம் தண்ணீர்மேல் எழும் பச்சை ஈக்காக டிரவுட் மீன் பைத்தியம் பிடித்து அலையும். சேவல் இறகும் பட்டு நூலும் சுற்றி, தூண்டில் முள்ளை அந்த ஈயாக்குவதுதான் அவள் பிழைப்பு. இறகு பார்க்கிறவனுக்கு, முள்தான் பிடிக்கிறவனுக்கு என்பாள். ஒவ்வொரு முள்ளின் வளைவையும் மேஜைமேல் பொருத்திய வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கி, நூல் கட்டும் காதைக் கட்டைவிரல் நகத்தால் சுண்டுவாள். நல்ல முள் 'டிங்' என்று சொல்லிவிட்டுப் பழையபடி நிற்கும். பதம் குறைந்தது கோணிக்கொள்ளும். பதம் மிஞ்சியது பட்டென்று ஒடியும். பிறகு நுனியை நகத்தின்மேல் இழுப்பாள். வழுக்கினால் அதுவும் குப்பைக்குத்தான்.

அந்தக் குப்பைதான் அவள் குடியைக் கெடுத்தது. டிக்னனின் தூண்டில் சாமான் கடையில் அவள் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். கடைசி வருஷம் அவன் எங்கிருந்தோ மலிவாக ஒரு மூட்டை முள் வாங்கி வந்தான். அவள் பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டாள். வயிறு எரிந்த டிக்னன், ஒதுக்கியதையெல்லாம் பொறுக்கி எடுத்து வேறொருத்தியிடம் கொடுத்துக் கட்டச் சொல்லி, அட்ராக்டா பேர் அச்சிட்ட அட்டையில் குத்தி விற்றான். டப்ளினிலிருந்து வந்த ஒரு டாக்டர், ஊரே பார்க்க, கன்றுக்குட்டி மாதிரி ஒரு மீனைப் படகுவரை இழுத்துவந்தார். முள் ஒடிந்தது.

அன்று மதுக்கடையில் டிக்னன் அத்தனை பேர் முன்னால் சொன்னான்: "பாவம், வயசாயிடுச்சு. முள்ளைப் பாக்காமக் கட்டிட்டா."

அவளுக்கு அப்போது நாற்பத்தொன்று. அதோடு வேலை போயிற்று, பேரும் போயிற்று. 'ஒடிஞ்ச முள்ளு' என்று பட்டப்பேர் வேறு. அதன்பின் அவள் கட்டிய பூச்சிகள் நாற்பது மைல் தள்ளி, அத்தை மகள் பேரில்தான் விலைபோயின. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். தன் பூச்சியில் இன்னொருத்தி பேர் இருப்பதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்த மே மாதம், ஏரியில் நடக்கும் மீன்பிடிக் கோப்பைப் போட்டிக்கு ஐந்து நாள் முன்பு, டிக்னன் வந்தான். அந்த வருஷம் வேறு யார் கட்டிய பூச்சியையும் மீன் சீந்தவில்லை.

"என்ன அட்ராக்டா, இன்னும் இருக்கியா?"

"உங்க புண்ணியத்துல இருக்கேன், முதலாளி."

"பச்சை ஈ ஒரு டஜன் வேணும். உன் கைக்கு ஈடில்ல, அதை ஒத்துக்கறேன். ஆனா முள்ளு என்னோடது. உன் முள்ளை நம்புறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

சொல்லிவிட்டு, தன் கடை முத்திரை போட்ட பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். வெட்கங்கெட்டவன், அவள் சுட்டு வைத்திருந்த சோடா ரொட்டியில் ஒரு துண்டையும் எடுத்துக் கடித்துக்கொண்டே போனான்.

முதல் முள்ளைச் சுண்டினாள். ஒடிந்தது. இரண்டாவது. மூன்றாவது. அதே பழைய மூட்டை! ஏழு வருஷமாக விற்றுத் தீராததை இப்போது தன் தூண்டிலுக்கே கொண்டுவந்திருக்கிறான். அவனுக்கு முள் பார்க்கத் தெரியாது. தெரிந்துகொள்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தவன்.

இழுப்பறையில் அவளுடைய நல்ல முள் இருந்தது. கை ஒருமுறை அதுவரை போனது. மன்னிப்பைப் பற்றி ஞாயிறுதோறும் கோயிலில் கேட்டவள்தான். நல்ல விஷயம்தான், டிக்னனுக்குக் கொடுக்க அவளிடம் இல்லை. இழுப்பறையை மூடிவிட்டு நாலாவது முள்ளைச் சுண்டாமல் வைஸில் வைத்தாள். பன்னிரண்டும் அவள் ஆயுளிலேயே அழகான பூச்சிகளாக அமைந்தன.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. முள் வாடிக்கையாளருடையது என்றால், கட்டுகிறவர் ஒவ்வொரு டஜனோடும் அதே பொட்டலத்திலிருந்து ஒரு வெறும் முள்ளைத் திருப்பித் தர வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு. அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் படகேற வேண்டியது வாங்குகிறவன் பாடு. பார்க்காதவன் பிறகு வாய் திறக்கக்கூடாது.

"பதிமூணாவதைச் சுண்டிப் பாத்துட்டுப் படகு ஏறுங்க, முதலாளி," என்று பூச்சிகளைக் கொடுக்கும்போது வாய்விட்டே சொன்னாள்.

"அதெல்லாம் பொம்பளைங்க வேலை," என்று அதைத் தொப்பிப் பட்டையில் குத்திக்கொண்டான்.

போட்டி நாளான ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் நல்ல கூட்டம். டிக்னனுக்குப் படகு வலித்தவன் கோல்மன், அந்தத் துறையில் எல்லாரும் பேச்சைக் கேட்கும் படகோட்டி. கரைக்கு எதிரிலேயே பெரிய மீன் ஒன்று கவ்வியது. தூண்டில் வில்லாக வளைந்தது, கரை முழுக்கக் கத்தியது, முள் ஒடிந்து நூல் தொய்ந்தது. அடுத்த பூச்சி, அடுத்த மீன், அதே கதை. கோப்பை கைவிட்டுப் போனதும் டிக்னன் கரையேறிக் கூவினான்:

"பாத்தீங்களாய்யா! மறுபடியும் அதே ஒடிஞ்ச முள்ளு! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

அட்ராக்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கோல்மன், அவர் தொப்பியில ஒண்ணு இருக்கு பாரு. அதைச் சுண்டு."

கோல்மன் அந்தத் தொப்பியைக் கழற்றி எடுத்து, அதிலிருந்த முள்ளைக் குறட்டில் பிடித்து நகத்தால் சுண்டினான். பட்டென்று ஒடிந்தது. அவள் மிச்ச முள் இருந்த பொட்டலத்தை நீட்டினாள். கோல்மன் அதிலிருந்த முத்திரையை உரக்கப் படித்தான்: "டிக்னன் கடை."

"அப்போ அந்த டாக்டரோட மீனு?" என்று கோல்மன் இழுத்தான். டிக்னன் பொட்டலத்தைப் பிடுங்கப் பார்த்தான். கூட்டத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அவன் அவள் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தான். "தெரிஞ்சேதானே கட்டின?"

"ஆமா. மூணு ஒடிச்சுப் பாத்துட்டுத்தான் கட்டினேன். தெரிஞ்சே வித்தவன் நீ, அதைக் கேக்க வந்துட்டியா?"

கோல்மன் தொப்பியை டிக்னன் கையில் திணித்துவிட்டு அவளிடம் திரும்பினான். "அட்ராக்டா, எனக்கு ஒரு டஜன் கட்டிக் குடு. முள்ளும் உன்னோடதே இருக்கட்டும்."

அது டிக்னன் காதில் விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் சரி என்றாள்.